பட்டாம்பூச்சி மீன் சாப்பிட்ட நாள்

பிள்ளைகளே, அமெரிக்காவில் இர்விங் நகரில் எனக்கு வேலை போயிருந்த சமயம் அது. மனசு மரத்துப்போய், வீட்டிலிருந்த கடல்மீன் தொட்டிக்கு முன்னால்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பேன். அதில் புதிதாக விட்ட பட்டாம்பூச்சி மீன் நான்கு நாளாக எதுவும் சாப்பிடவில்லை. வயிறு ஒட்டிப்போய்ப் பாறை இடுக்கில் ஒளிந்துகொண்டது. இன்னும் இரண்டு நாள் தாங்குமா என்பதே சந்தேகம்.

சாப்பிடாத பிள்ளைக்கு நம் வீடுகளில் துரத்தித் துரத்தி ஊட்டுவோம் அல்லவா? நானும் இறால் துண்டைக் குச்சியில் குத்தி அதன் வாயருகே நீட்டிக்கொண்டே இருந்தேன். “ஒரே ஒரு வாய்டா கண்ணு” என்று கெஞ்சினேன். அது இன்னும் உள்ளே போனது. இறாலை மற்ற மீன்கள் பிடுங்கிக்கொண்டன.

பள்ளி விட்டு வந்த என் மகள், “ஸ்டாப் இட்ப்பா. நீங்க இப்படிப் பாத்துட்டே இருந்தா எனக்கும்தான் சாப்பாடு எறங்காது” என்றாள்.

அவள் சொன்னது எனக்கு வலித்திருக்க வேண்டும். வலிக்கவில்லை. பார்க்காமல் இருந்துதான் பார்ப்போமே என்று, மற்ற மீன்களை விலக்க ஒரு மூலையில் தீனி போட்டேன். பாறையோரம் இறாலை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் மெதுவாக, “அப்பா, இட்ஸ் ஈட்டிங். திரும்பாதீங்க” என்றாள்.

நான் திரும்பவில்லை. கண்ணை எடுக்காமல் இருப்பதுதான் அக்கறை என்று அதுவரை நினைத்திருந்தேன், பிள்ளைகளே. அந்த மீன் முதல் வாய் சாப்பிட்டதை நான் பார்க்கவே இல்லை. ஆனாலும் அது பிழைத்துக்கொண்டது.