அவர் போட்ட பூட்டு

கணவரின் பதினாறாம் நாள் காரியம் முடிந்து, வந்த உறவெல்லாம் பெரம்பலூர் பஸ் ஏறிய பிறகுதான், அவருடைய வண்டி இன்னும் கம்பெனி ஸ்டாண்டிலேயே நிற்கிறது என்பது எனக்கு உறைத்தது. காலை ஷிப்டுக்குப் போன மனுஷன் மெஷினுக்கு முன்னாலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவருடைய வாட்ச், பர்ஸ், அடையாள அட்டை எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். வண்டிச் சாவி மட்டும் அதில் இல்லை. இரண்டாவது சாவி வண்டி வாங்கிய வருஷமே தொலைந்துபோயிருந்தது.

கொழுந்தன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

“அண்ணி, ஹேண்டில் லாக் போட்டிருக்கு. மெக்கானிக்க கூட்டிட்டுப் போனா ஒரே திருகு, ஒடச்சு எடுத்துட்டு வந்துரலாம்.”

“ஒடைக்கக் கூடாது” என்றேன். ஏன் என்று கேட்டான். நான் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்று நினைப்பான் என்று பயமாக இருந்தது.

பூட்டுக்கும் அவருக்கும் என்றைக்குமே ஒத்துவந்ததில்லை. மூக்கண்டப்பள்ளியில் நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலில் வண்டிகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். ஒருமுறை சங்கிலிப் பூட்டு வாங்கி வந்து, பக்கத்து வீட்டுக்காரர் வண்டிச் சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டிவிட்டுப் படுத்துவிட்டார். விடியற்காலையில் அந்த மனுஷன் எங்கள் கதவைத் தட்டிய தட்டில் தெருவே எழுந்துவிட்டது. பிறகு முன்சக்கரத்து டிஸ்க்கில் மாட்டுகிற சின்னப் பூட்டு ஒன்று வாங்கினார். அது மாட்டியிருப்பதை மறந்து, மார்க்கெட் வாசலில் என்னைப் பின்னால் உட்காரவைத்து வண்டியைக் கிளப்பினார். நானும் தக்காளிப் பையும் ஒரு பக்கம், அவரும் வண்டியும் ஒரு பக்கம். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே பூட்டுக் கம்பெனிக்காரனைத் திட்டினார். ஆனால் சாவியை மட்டும் அவர் மறந்து நான் பார்த்ததில்லை. வண்டியை நிறுத்தியதும் சட்டைப் பைக்குள் போட்டு, வெளியிலிருந்து ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொள்வார்.

ஹேண்டில் லாக் போடுகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அவர்கள் கம்பெனி ஸ்டாண்டில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு ஷிப்ட் உள்ளே போகும்போதே இன்னொரு ஷிப்ட் வெளியே வரும். வண்டி வைக்க இடம் போதாது. அதனால் யாரும் ஹேண்டில் லாக் போடக் கூடாது, கியரில் விடக் கூடாது. குறுக்கே நிற்கிற வண்டியை யார் வேண்டுமானாலும் தள்ளி வைத்துவிட்டுத் தன் வண்டியை எடுத்துக்கொள்ளலாம். எவனாவது புதுசாக வந்தவன் பூட்டிவிட்டுப் போனால் அவன் பரம்பரையையே இழுப்பார்கள். என் வீட்டுக்காரர் அந்தக் கோபத்தை வீடுவரைக்கும் கொண்டுவந்து, சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தும் திட்டுவார்.

அப்படிப்பட்டவர் அன்றைக்குப் பூட்டியிருக்கிறார். அதற்குச் சில நாள் முன்னால் அந்த ஸ்டாண்டிலிருந்து ஒரு வண்டி திருடு போயிருந்தது. பாகலூர் வழியாக மாநில எல்லையைத் தாண்டிவிட்டால் வண்டியை மறந்துவிட வேண்டியதுதான் என்று அவரே சொன்னார். அந்தப் பயத்தில் பூட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். சாகும் நாளில் அவர் கையால், நல்ல நினைவோடு, வண்டிக்காகவும் வீட்டுக்காகவும் செய்த காரியம். அதை ஒரு மெக்கானிக் முறுக்கி உடைப்பதை என்னால் தாங்க முடியாது. இதுதான் நான் கொழுந்தனிடம் சொல்லாதது. சாவி செய்கிறவரைக் கூட்டிக்கொண்டு போகலாம், பூட்டு உடையாமல் வண்டி வீடு வந்து சேர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

மறுநாள் போனோம். ஸ்டாண்டின் ஓரத்தில் வண்டி தனியாக நின்றது. சீட்டு முழுக்கத் தூசி. ஹேண்டில் இடது பக்கம் திரும்பியிருந்தது. நான் முதலில் அதைத்தான் தொட்டேன்.

சாவி செய்கிறவர் பையைப் பிரிக்கும்போது கேட்டில் இருந்த செக்யூரிட்டி வந்து விசாரித்தார். விஷயத்தைச் சொன்னதும், “இருங்க, முன்னாடி இங்க ஒரு பெரியவர் டூட்டி பாத்தாரு. இப்ப ரெண்டாவது யூனிட் கேட்ல இருக்காரு. அவர கேட்டுப் பாக்கறேன்” என்று போன் செய்தார்.

அந்தப் பெரியவர் சைக்கிளில் வந்தார். நேராகச் செக்யூரிட்டி ரூமுக்குள் போய், காலண்டருக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய சாவிகளில் ஒன்றை எடுத்து வந்து என்னிடம் நீட்டினார். என் வீட்டுக்காரர் சாவிதான்.

“இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?”

“வண்டிலயே இருந்துச்சும்மா. ஆன்லயே இருந்துச்சு, லைட்டு எரிஞ்சிட்டிருந்துச்சு. ஸ்டாண்டுகூட போடல, செவுத்துல சாஞ்சு நின்னுச்சு. காலம் கெட்டுக் கெடக்குது, எவனாச்சும் தூக்கிட்டுப் போயிருவான்னு நாந்தான் நேரா நிறுத்தி, லாக் போட்டு, சாவிய எடுத்து வச்சேன்.”

“நீங்களா லாக் போட்டீங்க?”

“நாந்தாம்மா. ஷிப்ட் முடிஞ்சா சாவியக் காணோம்னு தேடிட்டு வருவாங்க. நாலு வார்த்த திட்டிட்டுக் குடுப்பேன். அன்னைக்கு யாரும் வரல. அடுத்த நாளே என்ன அந்த கேட்டுக்கு மாத்திட்டாங்க. உள்ள ஒருத்தர் தவறிட்டாருன்னு கேள்விப்பட்டேன். இது அவரு வண்டின்னு சத்தியமா தெரியாதும்மா.”

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சாவியைக் கொழுந்தனிடம் கொடுத்தேன். அவன் போட்டுத் திருப்பியதும் ஹேண்டில் சத்தமில்லாமல் நேரானது. நான் கேட்டபடியே பூட்டு உடையவில்லை. ஆனால் அது அவர் போட்ட பூட்டே இல்லை.

சாவியைத் திருப்பி எடுக்கக்கூட முடியாமல், ஸ்டாண்டைத் தள்ளக் காலில் தெம்பில்லாமல், வண்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு அவர் உள்ளே நடந்திருக்கிறார். அந்த நெஞ்சு வலியோடு வருகைக்குப் பஞ்ச் வைத்திருக்கிறார், மெஷினைப் போட்டிருக்கிறார். கேட்டில் ஆள் இருந்தது. கையில் போன் இருந்தது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“அவர் வந்தா திட்டணும்னு இருந்தேன்னு சொன்னீங்கல்ல?” என்று பெரியவரிடம் கேட்டேன்.

நான் திட்டினேன். வண்டி சீட்டில் கையை ஊன்றிக்கொண்டு, என் புருஷனைப் பேர் சொல்லி, வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். ஷிப்ட் விட்டு வந்தவர்கள் வண்டியை எடுக்காமல் அப்படியே நின்றார்கள். ஒருவர்கூட என்னை நிறுத்தச் சொல்லவில்லை.