மூன்றாம் லயத்தின் அடுப்புகள்

பொங்கல் அன்று எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதில்லை. இதற்காக நாங்கள் வாங்கிக் கட்டிக்கொண்ட பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. பெக்கோக் ரயில்வே வீடுகளில் இருக்கும் மற்றப் பெண்கள், நாங்கள் வேதத்தில் சேர்ந்து கிறிஸ்தவர்களாகிவிட்டோம் என்று முதலில் பேசிக்கொண்டார்கள். பிறகு என் அம்மாவை, லெட்சுமணன் பெண்டாட்டி ராசம்மா மகா கஞ்சம் என்றார்கள். பதில் சொல்வதென்றால் செல்லம் பெரியம்மாவின் கதையை முழுக்கச் சொல்ல வேண்டும். சொல்லத் தொடங்கினால் அம்மா அழுதுவிடுவாள். எனக்கு அழுகை வராது, கோபம்தான் வரும். ஆகவே நான் சொல்கிறேன்.

செல்லம் எங்களுக்கு உறவு இல்லை. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி. புருஷனோடு கப்பல் ஏறி, கடல் தாண்டி ரப்பர்த் தோட்ட வேலைக்கு வந்தவள். கப்பலில் வந்தவர்களை இறக்கியதும் நோய் இருக்கிறதா என்று பார்க்க முகாமில் அடைத்து வைப்பார்களே, அங்கே புருஷனுக்கு வயிற்றுப்போக்கு கண்டு செத்துப்போனான். எங்கே புதைத்தார்கள் என்றுகூட அவளுக்குக் காட்டவில்லை. ஆள் சேர்த்துக் கொண்டுவந்த கங்காணி அவளை மட்டும் கூட்டிவந்து எங்கள் மூங்கில் தோட்டத்தின் மூன்றாம் லயத்தில் கடைசி வீட்டில் விட்டுவிட்டுப் போனார். மூங்கில் தோட்டம் என்பது நாங்கள் வைத்த பெயர். ஆபீஸில் அதற்கு ஏதோ வெள்ளைக்காரப் பெயர் உண்டு.

லயத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். நீளமாக ஒரு அத்தாப்பு ஓலைக் கூரை, அதற்குக் கீழே வரிசையாகப் பத்து வீடு. வீடு என்பது மரியாதைக்குச் சொல்வது. ஓர் அறை, வாசலில் ஓர் அடுப்பு, அவ்வளவுதான். அறைகளுக்கு நடுவில் இருக்கும் பலகைச் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் பத்து வீட்டிலும் தும்முவார்கள். புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் பத்து வீடும் தீர்ப்புச் சொல்லும். ஆனால் அந்தக் காலத்தில் ஒருவருக்கொருவர் முகம் பார்த்துப் பேசமாட்டார்களாம். ஒருவர் சேலம், ஒருவர் திருச்சி, ஒருவர் வட ஆற்காடு. அவரவர் ஊர், அவரவர் சாதி, அவரவர் சட்டி.

செல்லம் வந்த வாரமே நடு வீட்டில் ஓர் ஆள் காய்ச்சலில் செத்துப்போனான். தனி ஆள். பேரே சரியாகத் தெரியாது. காட்டில் ரப்பர் பால் வெட்டிவிட்டுத் திரும்பிய சனங்கள், அவன் செத்துக்கிடக்கிறான் என்று தெரிந்தும் அவரவர் அடுப்பை மூட்டினார்கள். பொணத்துக்கு மேலே குழம்பு வாசனை போனது. ஊரில் ஒரு சாவு விழுந்தால் பொணம் எடுக்கும் வரை தெருவிலே அடுப்பு எரியாது. இங்கே என்ன தெரு, யாருக்கு யார்? செல்லம் மட்டும் மூட்டிய அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்தாள். பக்கத்து வீட்டில் புதுசாகக் கல்யாணமாகி வந்திருந்த என் அம்மா, சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க்கா, ஒறமொறையா அவரு?"

"இல்ல தங்கச்சி. எம்புருசன் செத்தப்பவும் சுத்தி இருந்தவங்க இப்படித்தான் சோறு தின்னுருப்பாங்க. நெனச்சேன், முடியல."

அம்மா திரும்பிவந்து தன் அடுப்பையும் அணைத்தாள். அப்பா பசியோடு வந்து கத்தினார். பிறகு, சாவு விழுந்த வீட்டைப் பார்த்துவிட்டுக் குழி வெட்டப் போனார். அதுதான் தொடக்கம். அடுத்த சாவுக்கு நாலைந்து அடுப்பு அணைந்தது. அதற்கடுத்ததற்கு ஒன்றைத் தவிர எல்லாம் அணைந்தன.

அந்த ஒன்று ஐயாசாமியுடையது. வாட்டசாட்டமான ஆள், வாயும் அப்படியே.

"எவனோ செத்தா நான் ஏன் பட்டினி கெடக்கணும்? என்னா சாதின்னே தெரியாது," என்று அவரே உட்கார்ந்து அடுப்பை ஊதினாராம்.

செல்லம் அவர் முன்னால் போய் நின்று சொன்னாள்: "ஆக்குங்கண்ணே. வெந்ததும் தட்டைத் தூக்கிக்கிட்டு வந்து அந்தப் பொணத்துக்கு முன்னால ஒக்காந்து தின்னுங்க."

வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டிருப்பார்கள். ஐயாசாமி ஆக்கினார், தின்றார், ஏப்பமும் விட்டார். அவர் தொடக்கத்திலேயே நல்லவராக இருந்தவர் அல்ல.

இரண்டு மழைக்காலம் போனது. ஐயாசாமியின் மகள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். நாலு வயதுப் பெண். அவர் வீட்டைவிட்டு வெளியே வந்து லயத்தின் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலை வரை நடந்தார். ஒவ்வொரு அடுப்பாக நின்று பார்த்தார். ஒன்றிலும் நெருப்பு இல்லை. யாரும் யாருக்கும் சொல்லவில்லை, அணைத்திருந்தார்கள். கடைசியில் செல்லத்தின் அடுப்பருகே உட்கார்ந்துகொண்டு அந்தப் பெரிய ஆள் அழுத அழுகையை அம்மா இன்றும் சொல்வாள். இரண்டாம் லயத்துப் பெண்கள் பானையில் கஞ்சி கொண்டுவந்து பத்து வீட்டுக்கும் ஊற்றியது அன்றைக்குத்தான் முதல் தடவை. அதற்குப் பிறகு அவர்கள் பக்கம் சாவு என்றால் எங்கள் பக்கத்திலிருந்து கஞ்சி போகும்.

அப்புறம் ஐயாசாமியே இந்த வழக்கத்துக்குப் போலீஸ்காரர் ஆகிவிட்டார். சாவு விழுந்த அன்று எவனோ சுருட்டுப் பற்ற வைத்தான் என்று அடிக்கப் போனார். சிரிக்காமல் என்ன செய்வது.

நான் பிறந்து வளர்ந்தது இந்தக் கூரைக்குக் கீழேதான். எந்த வீட்டில் சாப்பிட்டேன், எந்த வீட்டில் தூங்கினேன் என்று கணக்கே இல்லை. எல்லாப் பெண்களும் எனக்குச் சின்னம்மா, பெரியம்மா. செல்லம் பெரியம்மா மட்டும் ஒரு படி மேல். பிரசவம், சடங்கு, சண்டை எதுவானாலும் அவள் வந்து உட்கார்ந்தால்தான் நடக்கும். அவளுக்கென்று ஒரே ஒரு ஆசை இருந்தது. அதை மறைக்காமல் எல்லாரிடமும் சொல்வாள்.

"நான் போற அன்னைக்கி ஒரு அடுப்பாவது எனக்காக எரியாம இருக்கணும். எம்புருசனுக்குக் கெடைக்காதது எனக்குக் கெடைக்கணும்."

"ஒண்ணு என்னாக்கா, பத்தும் எரியாது," என்பார் ஐயாசாமி.

பிறகு ரப்பர் விலை விழுந்தது. தோட்டத்து வெள்ளைக்காரத் துரை ஆட்களைக் குறைத்தார். லாரி வந்து நின்றது. பேர் கூப்பிடக் கூப்பிட மூட்டையோடு ஏறினார்கள். பெக்கோக் ஸ்டேஷன், அங்கிருந்து துறைமுகம், அங்கிருந்து இந்தியா. கிளம்புகிற வீட்டின் அடுப்பை அணைக்கப் போனால் பெரியம்மா விடமாட்டாள்.

"அணைக்காத. அணைச்சா சாவுன்னு அர்த்தம். நீங்க ஊருக்குப் போறீங்க. எரியட்டும், தானா அடங்கட்டும்."

ஐயாசாமி லாரியில் ஏறும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, ஒனக்கு ஒண்ணுன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

"ராசம்மா இங்கதானே இருக்கா. அவ அடுப்பு ஒண்ணு போதும்," என்றாள்.

எங்கள் அப்பாவுக்கு பெக்கோக்கில் தண்டவாளம் பழுதுபார்க்கும் கூட்டத்தில் வேலை கிடைத்தது. நாங்களும் போனோம். எங்களோடு வந்துவிடச் சொல்லி அம்மா கெஞ்சினாள். பெரியம்மா வரவில்லை. விலை ஏறினால் எல்லாரும் திரும்பி வருவார்கள், வரும்போது கூரைக்குக் கீழே ஓர் ஆளாவது இருக்க வேண்டாமா என்றாள். அப்படி யாரும் வரவில்லை. அம்மா மாதத்துக்கு ஒரு தடவையாவது போய்ப் பார்த்துவிட்டு வருவாள். வந்து சொல்லி அழுவாள்.

பத்து வீட்டில் ஒன்பது காலி. பெரியம்மாவுக்கு வாரத்தில் சில நாள் புல் வெட்டும் வேலை மட்டும் இருந்தது. காலையில் எழுந்து தன் அடுப்பை மூட்டியதும், காலி வீடுகளின் அடுப்பிலும் கொஞ்சம் சுள்ளி வைத்து ஒவ்வொன்றாக மூட்டுவாளாம். ஒன்பது அடுப்பும் அணைந்திருப்பதைப் பார்க்க அவளால் முடியவில்லை. தோட்டத்துக் கணக்குப் பார்க்கும் கிராணி சபாபதி ஒரு நாள் வந்து கத்தினார். ஓலைக் கூரை, தீப்பிடித்தால் துரைக்கு யார் பதில் சொல்வது என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

காலி வீட்டு அடுப்புகளை அவள் மூட்டுவதை நிறுத்திய மறுநாள், மூன்றாம் லயத்தில் புகையே சரியாக எழவில்லை என்று பார்த்து, இரண்டாம் லயத்து சந்திரமதி பதறிப்போய்க் கஞ்சிப் பானையோடு ஓடிவந்தாள்.

"யாருக்கா போனது?"

"எல்லாருந்தான்," என்றாள் பெரியம்மா. கஞ்சியை வாங்கிக் குடித்தாள். அதற்குப் பிறகு அங்கே புகை வராவிட்டால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பழகிவிட்டது.

அந்த வருஷப் பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வரச்சொல்லி அம்மா தோட்டத்து லாரிக்காரரிடம் சொல்லி அனுப்பினாள். வருகிறேன் என்றோ வரமாட்டேன் என்றோ பதில் இல்லை. பொங்கல் அன்று காலையில் அம்மா வாசலை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் ஏறியது. "அந்தக் கூரைய விட்டுட்டு அது எங்க வரப்போகுது. அங்கயே சந்திரமதி வீட்ல பொங்கல் சாப்பிட்டிருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பானையை வைத்தாள். பால் பொங்கியதும் நாங்கள் எல்லாரும் கூவினோம். நான்தான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கூவினேன்.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் பெக்கோக் கடைத்தெருவில் அம்மாவும் நானும் சந்திரமதியைப் பார்த்தோம். அவள் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"என்னா ராசம்மாக்கா, செல்லக்காவ ஒங்க வீட்லயே புடிச்சு வச்சுக்கிட்டீங்களா? நல்லதுதான், அங்க லயத்துல தனியா கெடந்து என்னா பண்ணப்போறாங்க."

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. "எங்க வீட்லயா? அது வரலியே. ஒங்க வீட்லதானே பொங்கல் சாப்பிட்டுச்சு?"

"இல்லியேக்கா. ஒங்க வீட்டுக்குப் போறேன்னு மொத நாளே சொல்லிட்டாங்களே."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த முகங்களை நான் மறக்கமாட்டேன். அம்மா வாங்கிய சாமான்களைக் கடை வாசலிலேயே போட்டுவிட்டு நடந்தாள். நடை இல்லை, ஓட்டம். நானும் சந்திரமதியும் பின்னால் ஓடினோம்.

லயத்தில் பெரியம்மா வீட்டுக் கதவு வெறுமனே சாத்தியிருந்தது. பெரியம்மா பாயில் ஒருக்களித்துக் கிடந்தாள். தலைமாட்டில் துவைத்து மடித்த புடவை. பக்கத்தில் ஒரு மூட்டை. அதில் எனக்கு வெட்டி வைத்த கரும்புத் துண்டுகளும், எங்கள் பானையில் கட்டுவதற்கு இலையோடு மஞ்சள் கொத்தும் இருந்தன. மஞ்சள் இலை வாடிப்போயிருந்தது. புறப்படுவதற்கு எல்லாம் எடுத்து வைத்துவிட்டுக் கொஞ்சம் படுத்திருக்கிறாள். காய்ச்சலோ நெஞ்சுவலியோ, யாருக்குத் தெரியும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் வந்து பார்த்துவிட்டு, உயிர் போய் இரண்டு மூன்று நாள் ஆகிவிட்டது என்றார்.

அம்மா பழக்கத்தில் ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அடுப்பருகே போனாள். அது எப்போதோ ஆறிப்போயிருந்தது. பக்கத்து வீட்டு அடுப்பைப் பார்த்தாள். அதற்கடுத்ததைப் பார்த்தாள். அணைப்பதற்கு அந்தக் கூரைக்குக் கீழே ஒன்றும் இல்லை. செம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

உடம்பு இருந்த நிலையில் அன்றைக்கே எடுத்தார்கள். எங்கள் அப்பா வேலைக்குப் போயிருந்தார், அவருக்குச் சொல்லி அனுப்ப நேரமில்லை. சபாபதி கிராணியும் வந்து மண் போட்டார்.

வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா எங்கள் அடுப்பில், பகலில் சோறு வடித்து மிச்சமிருந்த தணலின் மேல், கூடவே கொண்டுவந்த அந்தச் செம்புத் தண்ணீரை ஊற்றினாள். புகையும் சாம்பலும் வீடெல்லாம் பறந்தது. அப்பா சாயங்காலம் வந்தார். நனைந்த அடுப்பைப் பார்த்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

"யாரு?" என்றார்.

"செல்லக்கா."

"எப்ப?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான்தான் சொன்னேன், பொங்கலன்றைக்கு என்று.

அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கீழே போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். அம்மாதான் பேசினாள்.

"ஒரு அடுப்பாவது எரியாம இருக்கணும்னு கேட்டுச்சு. எங்கிட்டதான் கேட்டுச்சு. அன்னைக்கின்னு பாத்து பால் பொங்குதுன்னு கூவுனமே."

அடுத்த வருஷம் தை பிறந்தபோது அம்மா பச்சரிசி வாங்கவில்லை. வாசலைப் பெருக்கிக் கோலம் போட்டுவிட்டு, அடுப்பைத் துடைத்து வைத்துவிட்டு உட்கார்ந்துகொண்டாள். ஏன் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.