பெண் பார்த்த பின் கடல் பார்க்கப் போனோம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மலேசியாவின் பேராக் மாநில உட்பகுதியிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, தாய்மாமன். நாங்கள் அப்போது மலாக்கா மாநிலத்தில் அலோர் காஜா பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நான் ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன்.

கேசரியும் காப்பியும் முடிந்து பேச்சு நின்றுபோனபோது அந்த அம்மாதான் கேட்டார். "இவ்ளோ தூரம் வந்துட்டோம். மலாக்கா கடல ஒரு தடவ பாத்துட்டுப் போவோமா? நான் கடலே பாத்ததில்ல."

அண்ணன் பக்கத்து வீட்டு வேனை இரவல் வாங்கிவந்தான். அப்பாவைத் தவிர எல்லாரும் ஏறிக்கொண்டோம்.

முதலில் டவுன். சிவப்புக் கட்டடங்களுக்கு முன்னால் மாப்பிள்ளை எல்லாரையும் நிறுத்திப் படம் எடுத்தார். பிறகு குன்றின்மேல் இடிந்துகிடக்கும் பழைய தேவாலயத்துக்கு ஏறினோம். பெரியவர்கள் பின்தங்கினார்கள். வேண்டுமென்றே பின்தங்கினார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

"கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவீங்களா?" என்று மாப்பிள்ளை கேட்டார்.

"கெடைச்சா போவேன்."

"போங்க, எனக்கு ஒண்ணும் இல்ல லா. எங்க பக்கமும் ஃபேக்டரி வந்துகிட்டுதான் இருக்கு."

நல்ல பதில். ஏறக்குறைய சரி என்று முடிவு செய்திருந்தேன்.

அந்த அம்மா மூச்சு வாங்க மேலே வந்துசேர்ந்தார். தூரத்தில் தெரிந்த தண்ணீரைப் பார்த்து, "இதுவா? ஆறு மாதிரில்ல இருக்கு" என்றார். கிட்டப் போனால்தான் தெரியும் என்று அண்ணன் கிளேபாங் கடற்கரைக்கு வண்டியை விட்டான்.

அங்கே அவர் யாருக்கும் காத்திருக்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நேராகத் தண்ணீருக்குள் இறங்கினார். ஓர் அலை முழங்கால்வரை நனைத்ததும் கத்திச் சிரித்தார். பக்கத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த மலாய்க் குடும்பம் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

"வாம்மா, தண்ணி எவ்ளோ சூடா இருக்கு பாரு!" என்று என்னைக் கூப்பிட்டார். நானும் இறங்கினேன்.

மாப்பிள்ளை கரையோரம் வந்து நின்றார். தன் அம்மாவிடம் பேசினார், குரலை உயர்த்தவில்லை.

"மேல வாங்க. வயசுக்கேத்த மாதிரி நடந்துக்கத் தெரியாதா? இதுக்குத்தான் உங்கள எங்கயும் கூட்டிட்டுப் போறதில்ல."

அந்த அம்மா சிரிப்பை நிறுத்திவிட்டு மேலே ஏறினார். முகத்தில் வருத்தமில்லை, ஆச்சரியமும் இல்லை. பழகிப்போனது என்று தெரிந்தது. தாய்மாமன் கடையருகே நின்று பீசாங் கோரெங், வாழைப்பழப் பஜ்ஜி, தின்றுகொண்டிருந்தார். மாப்பிள்ளை எனக்கும் ஒரு பொட்டலம் வாங்கிவந்து, "சூடா இருக்கு, பாத்து" என்று கனிவாக நீட்டினார்.

வீடு திரும்பியதும் அவர்கள் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்கள். அவர்களுடைய வண்டி மறைந்ததும் நான் வேண்டாம் என்றேன்.

"குடி இல்ல, சிகரெட் இல்ல. என்னடி கொற?" என்றார் அம்மா.

கடற்கரையில் மாப்பிள்ளை தன் அம்மாவிடம் பேசியதைச் சொன்னேன்.

"அது அம்மாவும் மகனும் பேசிக்கிறது லா. அதுல உனக்கென்ன?" என்றான் அண்ணன்.

அப்பா மட்டும், "வேணாம்னா விடு" என்றார். ஜாதகம் பொருந்தவில்லை என்று தரகரிடம் சொல்லியனுப்பினார். உண்மையில் ஜாதகத்தை யாரும் பார்த்திருக்கவில்லை.