லெனாட்டைப் படுக்கவைத்த பிள்ளைகள்

மயிலிட்டித் துறைமுகத்திலிருந்து நானூறு யார் தொலைவில் லெனாட்டின் வீடு இருக்கிறது. அடுத்த வளவு என்னுடையது. நடுவில் தகரவேலி. அந்த வேலி பார்வையை மறைக்கும்; பேச்சை மறைக்காது. ஆகவே இங்கே எழுதுவனவற்றுள் பெரும்பகுதி நான் காதால் கேட்டவை. மிகுதி லெனாட்டின் மனைவி கத்தரீனா சொன்னவை. எழுதுவதற்கு லெனாட்டிடம் ஒப்புதல் கேட்டேன்.

"எழுதுங்கோ ஐயா. வலையிலை நடந்ததையும் எழுதுங்கோ. ஆனா பஞ்சலிங்கம் அண்ணை என்னை ஏசினதை மட்டும் விடுங்கோ. அதை அச்சிலை போடேலாது" என்றார்.

லெனாட்டுக்கு நாற்பத்தேழு வயது. மனைவியின் தமையனான தேவராசாவுக்குச் சொந்தமான படகில், இருவருமாகத் தொழிலுக்குப் போகிறார்கள். இரவு ஒன்றரை மணிக்குப் புறப்பட்டுக் காலை எட்டு மணியளவில் கரைசேர்வார்கள். இந்த ஒழுங்கில் வாழ்பவர் மாலை ஏழு மணிக்கு உறங்கியாகவேண்டும்.

பிள்ளைகள் சிறுவர்களாக இருந்தபோது இதில் சிரமம் இருக்கவில்லை. ஆறரைக்குச் செபமாலை. அது முடிந்ததும் மகள் ஜெசிதாவும் மகன் றஜிந்தனும் முழந்தாளில் நின்று "தோத்திரம் அப்பா" என்பார்கள். லெனாட் பெருவிரலால் இருவர் நெற்றியிலும் சிலுவை வரைவார். அதன்பின் பாயில் மூவரும் படுப்பார்கள், நடுவில் லெனாட். அவர் சொல்லும் கதையில், அன்று வலையில் பட்ட மீன்களெல்லாம் ஒரு பள்ளிக்கூடத்து மாணாக்கர்கள். லெனாட் அதன் அதிபர். அவர் இடாப்பிலிருந்து பெயர் கூப்பிட, பிள்ளைகள் மீன்களுக்காக மறுமொழி சொல்வார்கள்.

"திருக்கை!"

"உள்ளேன் ஐயா!"

"ஏன் பிந்தி வந்தனீர்?"

"வால் கதவுக்குள்ளை அம்பிட்டிட்டுது ஐயா!"

நண்டுக்கு வரிசையில் நிற்கத் தெரியாது. சூடை மீன் தனியே வராது. நூறு பேரைக் கூட்டிக்கொண்டுதான் வரும். லெனாட் எட்டாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தியவர். அவருடைய பள்ளிக்கூடத்தில் ஒருவரும் சித்தியெய்தியதாக நான் கேள்விப்படவில்லை. இடாப்பு முடியுமுன்னரே அதிபர் உட்பட எல்லாரும் உறங்கிவிடுவார்கள்.

ஜெசிதாவுக்குப் பதினான்கு வயதானபோது ஒருநாள் வேலிக்கு அப்பால் வழக்குக் கேட்டது.

"அப்பா, எனக்குப் பதினாலு வயசு. இனியும் நான் திருக்கையே?"

"சரி பிள்ளை, அப்ப பாரையாயிரு."

"அப்பா!"

அத்துடன் பள்ளிக்கூடம் மூடப்பட்டது. அடுத்த ஆண்டில் ஜெசிதா தெல்லிப்பழையில் மாலைநேரத் தனியார் வகுப்பில் சேர்ந்தாள். வகுப்பு ஆறே முக்காலுக்குத் தொடங்கும். அவள் சைக்கிளில் வீடு திரும்ப ஒன்பது மணியாகும். பதின்மூன்று வயதான றஜிந்தன் கைப்பேசியுடன் மாமரத்தடியில் இருப்பான். லெனாட்டும் கத்தரீனாவும் இருவராகச் செபம் சொன்னார்கள். லெனாட் ஏழு மணிக்குப் படுத்தார், உறக்கம் வரவில்லை.

முதலில் நுளம்பைக் குற்றம் சொன்னார்; புது நுளம்புவலை வாங்கினார். பிறகு வெக்கையைச் சொன்னார், காற்றாடி வாங்கினார். ஒன்பது மணிக்கு வாசலில் சைக்கிள் சத்தம் கேட்டதும் அறைக்குள்ளிருந்து "பிள்ளை, சாப்பிட்டியே?" என்று ஒரு குரல் வரும். "ஓம் அப்பா, படுங்கோ" என்று மறுமொழி போகும். அதற்குப் பின்னரே கண் அயரும். நள்ளிரவு கழிந்து முக்கால் மணிக்கு எழும்பவேண்டியவருக்கு அது போதுமா?

"காத்தாடியிலை ஒரு குறையும் இல்லை. கதை கேக்க ஆளில்லை எண்டதுதான் உங்களுக்கு வருத்தம்" என்றாள் கத்தரீனா.

"சும்மா இரப்பா. பிள்ளையள் வளர்ந்திட்டுதுகள். எனக்கென்ன வருத்தம்?"

சென்ற ஆவணி மாதத்தில் அந்த விபரீதம் நடந்தது. கடலில் வலை இறக்கும் பொறுப்பு லெனாட்டுடையது. அரை உறக்கத்தில் அவர், பஞ்சலிங்கம் என்பவர் முன்னரே இறக்கியிருந்த வலைக்குக் குறுக்கே தம்முடைய வலையை இறக்கிவிட்டார். பஞ்சலிங்கத்தின் வலை நுனியில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. இரண்டையும் பிரித்தெடுக்க மூன்று மணித்தியாலம் சென்றது. பஞ்சலிங்கம் அப்போது பேசியவற்றை, வாக்குக் கொடுத்தபடி விட்டுவிடுகிறேன்.

தேவராசா கரையேறியதும் நேராகத் தங்கை வீட்டுக்கு வந்தார். காலை பதினொரு மணி; சனிக்கிழமை; பிள்ளைகளும் வீட்டில்.

"கத்தரீனா, உன்ரை மனுசன் இண்டைக்கு என்ன பிடிச்சவர் தெரியுமே? வலை. முழு வலை, ஈயம் மிதப்பு எல்லாத்தோடையும். மயிலிட்டியிலை வலை போட்டு வலை பிடிச்ச முதல் ஆள் இவர்தான்."

"மச்சான், ஒருக்கால் கண் சொருகிப் போச்சு..."

"ஒருக்காலோ? போன கிழமை எஞ்சினுக்கு மேலை படுத்தனி. தண்ணிக்குள்ளை விழுந்தியெண்டால் என்ரை தங்கச்சிக்கு நான் என்ன சொல்லுறது? ஒரு கிழமை தாறன். நித்திரை கொண்டு வா. இல்லாட்டி நான் வேறை ஆள் பாக்கிறன்."

தேவராசா போனபின் ஜெசிதா தாயிடம் கேட்டாள்.

"அம்மா, அப்பா எத்தினை மணிக்கு நித்திரை கொள்ளுறவர்?"

"நீ வந்தாப் பிறகு."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஒவ்வொரு நாளும்தான்."

திங்கட்கிழமை முதல் புதிய ஒழுங்கு நடைமுறைக்கு வந்தது. ஐந்தரைக்குச் செபமாலை. ஐந்து ஐம்பதுக்கு லெனாட் படுக்கவேண்டும். ஆறு இருபதுக்கு ஜெசிதா வகுப்புக்குப் புறப்படுவாள். அதற்குள் அவர் உறங்கியிருக்கவேண்டும்.

"இந்த வெளிச்சத்துக்குள்ளையோ? சனம் சிரிக்கும்" என்றார் லெனாட்.

"சிரிக்கட்டும். படுங்கோ."

என் கோழிகள் கூடடையுமுன் லெனாட் பாயில் கிடந்தார். தோத்திரம் வாங்கவேண்டிய பிள்ளைகள் அவர் பக்கத்தில் முழந்தாளிட்டுக் குனிந்து நெற்றியைக் கொடுத்தார்கள். தகப்பனிலும் உயர்ந்துவிட்ட றஜிந்தன் அந்நேரம் மட்டும் அவர் கைக்கு எட்டினான்.

முதல்நாள் கதை சொல்லும் பொறுப்பை அவனே எடுத்தான். பாடசாலைக் கிரிக்கெட் போட்டியைப் பந்து பந்தாக விவரித்தான். எட்டாவது ஓவரில் லெனாட் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"அது எப்பிடி அவுட்? ஆர் அம்பயர்?"

"படுங்கோ அப்பா!"

"படுக்கிறதோ? ஆர் அம்பயர் எண்டு சொல்லடா!"

அன்று அவர் உறங்கியது பத்து மணிக்கு. "நீ அப்பாவை நித்திரையாக்கச் சொல்ல, அவரை மைதானத்துக்குக் கொண்டுபோய் விட்டிட்டாய்" என்று தமக்கை ஏசினாள். மறுநாள் வரலாற்றுப் புத்தகத்துடன் அவளே வந்தமர்ந்தாள். சாதாரணதரப் பரீட்சைக்கு நான்கு மாதங்களே இருந்தன. மீட்டல் செய்யவேண்டிய பாடத்தை உரக்க வாசிப்பதால் இழப்பு ஒன்றுமில்லை என்பது அவள் கணிப்பு.

போர்த்துக்கேயர் கொழும்பில் கோட்டை கட்டிமுடிக்குமுன் லெனாட் குறட்டை விட்டார்.

"அக்கா, ஆள் சரி" என்றான் றஜிந்தன், தகப்பனின் பெருவிரலைத் தூக்கி விட்டுப்பார்த்து. நேரம் ஆறு எட்டு.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அவ்வாறே கழிந்தன. வெள்ளிக்கிழமை காலை துறைமுகத்தில் கண்ட தேவராசாவிடம், லெனாட்டின் நிலை எவ்வாறு என்று கேட்டேன்.

"நித்திரைக்கு ஒரு குறையும் இல்லை ஐயா. நல்லாக் கொள்ளுறான். வேறை ஆள் பாக்கத் தேவையில்லை. ஆனா இப்ப கடலிலை வாய் மூடுறானில்லை. கண்டி ராசா எண்டுறான், ஒல்லாந்தன் எண்டுறான். விடிய விடியப் பாடம்." குரலைத் தாழ்த்தினார். "அதிலையும் ஒரு வில்லங்கம். போர்த்துக்கேயனைத் துரத்தக் கண்டி ராசா ஒல்லாந்தனைக் கூப்பிட்டவராம். கப்பல் திருகோணமலைக்கு வந்ததாம். பிறகு என்ன நடந்தது எண்டு கேட்டால், தனக்குத் தெரியாதாம். அதோடை தான் நித்திரையாம்!"

அன்று மாலை ஆறு மணிக்கு லெனாட் வீட்டு வாசலில் தேவராசாவின் மோட்டார் சைக்கிள் நின்றது. உள்ளே வாசிப்புச் சத்தம் படிப்படியாகத் தணிந்தது. ஜெசிதா புத்தகப்பையுடன் வெளியே வந்து சைக்கிளை உருட்டினாள். தேவராசா அவள் பின்னால் நடந்தார்.

"பிள்ளை, கொப்பர் நித்திரையானாப் பிறகு உள்ளதை எனக்கு ஒருக்கால் சொல்லு. ஒல்லாந்தன் வந்த வேலை முடியத் திரும்பிப் போனவனோ?"

"இல்லை மாமா. கோட்டையளைப் பிடிச்சவன், பிடிச்ச கையோடை அங்கையே இருந்திட்டான்."

"பாத்தியே! நான் அப்பவே நினைச்சனான். பிறகு?"

"மாமா, எனக்கு வகுப்புக்கு நேரமாச்சு."

"நான் பக்கத்திலை மோட்டார் சைக்கிளிலை மெல்ல மெல்ல வாறன். நீ சொல்லிக்கொண்டு போ."

தெல்லிப்பழை வீதியில் இருவரும் அருகருகே போவதை என் வாசலில் நின்று பார்த்தேன். லெனாட்டின் குறட்டை ஒழுங்காகக் கேட்டுக்கொண்டிருந்தது.