பிரிக்காத கட்டு

பிள்ளைகளே, கிடங்கு வேலையிலிருந்து சென்னையில் சரக்குத் திட்ட அதிகாரியாக நான் உயர்ந்த கதையைப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அதில் மறைத்த ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடையில் நான் இருந்தபோது, எந்தப் புடவை ஓடுகிறது, எது தேங்குகிறது என்று காட்டும் கம்ப்யூட்டர் வந்தது. அதை முதலில் கற்றுக்கொண்டவன் நான்தான். சென்னைக் கிளை வேலை உனக்குத்தான் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

சின்ன காஞ்சிபுரத்து நெசவாளர் வரதன் அண்ணன் நெய்த ஆறு புடவைகளில் ஒன்றுகூட விற்கவில்லை என்று ஒருநாள் அந்தக் கம்ப்யூட்டர் காட்டியது.

"இனிமே அவருக்குப் பாவு குடுக்காதே" என்றார் முதலாளி. தறியில் ஏற்ற நாங்கள் கொடுக்கும் பாவு நூல் இல்லையென்றால் தறி நின்றுவிடும்.

கிடங்கில் தேடினேன். ஆறு புடவைகளும் கட்டுப் பிரிக்காமல் கிடந்தன. கடைக்கு அனுப்ப மறந்தவன் நான். சொன்னால் சென்னை வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

மறுநாள் அண்ணன் வந்தார்.

"என் பொடவைய யாருமே எடுக்கலியாபா?"

"கம்ப்யூட்டர் அப்படித்தான் காட்டுதுண்ணா."

"அதுக்கு எம்மேல இன்னாபா கோவம்?" என்று சிரித்தார். பிறகு தன் விரல்களையே பார்த்தார். "வயசாயிடுச்சில்ல. கலரு சேக்கறது தப்பிப்போவுது போல."



சென்னை வேலை உறுதியான பிறகுதான் கட்டைப் பிரித்துக் கடைக்கு அனுப்பினேன். ஒரே வாரத்தில் ஆறும் விற்றுவிட்டன. அதற்குள் அவர் தறியை விற்றுவிட்டு, ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனாகப் போய்விட்டார்.

தினமும் காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்கு நான் போகும் பஸ் அந்தக் கம்பெனி கேட்டைத் தாண்டித்தான் போகிறது. என்னைக் கண்டால் கையை உயர்த்துவார். தனக்குத்தான் கலர் சேர்ப்பது தப்பிவிட்டது என்று இன்னும் நினைத்துக்கொண்டிருப்பார். இறங்கிச் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் எண்ணுகிறேன். இன்றுவரை இறங்கவில்லை.