யாருக்குடா 'போய்ட்டு வாங்க' சொன்ன?

டேய் சேகரு... எங்கடா போயிட்ட?

போன ரெண்டு வாரமா நம்ம பத்திரிகைல இந்த எடத்துல என் டீக்கடை கதை வரல. கச்சிராயபாளையத்துக்காரங்க கடைக்கே வந்து கேட்டீங்க, "இன்னாம்மா, எழுதலியா?"ன்னு. எழுதல. என் தம்பி சேகரு செத்துட்டான். காமாலை. கண்ணு மஞ்சளா கீதுடான்னு சொன்னேன். "தூக்கம் கம்மிக்கா"ன்னு சிரிச்சான். நானும் நம்பிட்டேன். எட்டாவதோட நின்னவ, எனக்கு இன்னா தெரியும்?

அவன் நம்ம ஊரு சின்ன ரேடியோல காலைல பேசுவான்ல, அதே சேகருதான்.

நேத்து அந்த ரேடியோ மேடம் போன் பண்ணாங்க. ஸ்டேஷனுக்குப் பொறந்த நாளாம். ஸ்டேஷனைப் பத்தி ஆளுக்கு ஒரு சுவாரஸ்யமான தகவல் மைக்ல சொல்லணுமாம்.

"நீ சேகரோட அக்கா. நீதான் மொதல்ல பேசணும். நல்லதா ஒண்ணு யோசிச்சு வைம்மா."

யோசிச்சேன். எத சொல்றது?

ரூமுக்குள்ள சுவரு பூரா முட்டை அட்டை ஒட்டி வெச்சிருக்காங்க, எதிரொலி வராம இருக்க. அத சொல்லலாம். இல்லன்னா ஒருநாள் வெள்ளாடு உள்ள பூந்து கத்துனது அப்பிடியே லைவா போச்சே... அத கேட்டுட்டு ஒருத்தரு போன் போட்டு, "இந்தப் பாட்டு எந்தப் படம் சார்?"ன்னு கேட்டாரு. அத சொல்லலாம்.

ஆனா என் மண்டைல ஓடிக்கினு இருந்தது வேற.

தினமும் காலைல ஒரு பாட்டு முடிஞ்சதும் சேகரு சம்மந்தமே இல்லாம, "போய்ட்டு வாங்க, பத்திரம்"னு சொல்லுவான். சொல்லிட்டு அடுத்த பாட்ட போட்டுடுவான். யாரு போறாங்க? எங்க போறாங்க? கடையில டீ குடிக்கிறவங்க என்னைத்தான் ஓட்டுவாங்க. "இன்னாம்மா, காசு குடுக்கறதுக்குள்ள உன் தம்பி எங்கள தொரத்துறான்?"

அவன்கிட்டயே கேட்டிருக்கேன். "உனக்கு இல்லக்கா, நீ டீ ஆத்து"ன்னான்.

சரி, மேடத்துகிட்டயே கேட்டேன். "அது ஸ்கிரிப்ட்லயே இல்லம்மா. சொன்னா கேக்க மாட்டான்"னாங்க. அவங்களுக்கும் தெரியல. அப்ப யாருக்குத்தான் தெரியும்?

மலை மேல கரியாலூருக்குப் போற பஸ்சோட டிரைவர் அண்ணன் இன்னிக்குக் காலைல டீ குடிக்க வந்தாரு. சும்மாதான் கேட்டேன். கிளாஸ கீழ வெச்சிட்டாரு.

"அது எங்க பஸ்சுக்கும்மா. ஸ்டேஷனத் தாண்டுறப்போ நான் ஒரு ஹாரன் அடிப்பேன். அத கேட்டுத்தான் அவன் பாட்டப் போடுவான். பாட்டு முடியறதுக்கும் வண்டி மலைல அந்தப் பாறை வளைவுக்குப் போறதுக்கும் சரியா இருக்கும். வளைவு தாண்டுனா உங்க ரேடியோ எடுக்காது. அதுக்கு முன்னாடி சொல்லி அனுப்புவான்."

"வண்டி லேட்டானா?"

"பாட்டும் லேட்டுதான்."

எனக்கு ஒண்ணும் புரியல. ஒரு ஸ்டேஷனே ஹாரனுக்குக் காத்துக்கினு இருந்திச்சா? கடிகாரம் எதுக்கு மாட்டி வெச்சிருந்தாங்க?

"வாம்மா, ஏறு. வந்து பாரு"ன்னாரு. கடைய பக்கத்துக் கடை அக்காகிட்ட சொல்லிட்டு ஏறிட்டேன்.

பஸ்சுல பாதிக்கு மேல மலைக்காரங்க. விடியக்காலைலயே சந்தைக்கு வந்துட்டு திரும்புறவங்க. ரேடியோல பாட்டு பாடிக்கினே வருது. பாறை வளைவு வந்திச்சி. கர்ர்ர்னு எரைச்சல். அவ்ளோதான், பாட்டு போச்சு.

பஸ்சே மொத்தமா சொல்லுது — "போய்ட்டு வரோம்பா!"

ஒருத்தரு ரெண்டு பேரு இல்ல. குழந்தைய மடியில வெச்சிருந்த பொண்ணு, கடைசி சீட்டுல தூங்கிக்கினு வந்தவரு, எல்லாரும். ரேடியோல யாரும் 'போய்ட்டு வாங்க' சொல்லவே இல்லயே... எரைச்சலுக்குத்தான் பதில் சொன்னாங்க.

பக்கத்துல உக்காந்திருந்த அக்கா சாக்கு மூட்டைய நகத்திக்கினே சொன்னாங்க, "அந்தப் புள்ள கொஞ்ச நாளா லீவு போல. வந்ததும் கேப்பான்ல, சொன்னீங்களான்னு. அதான் வுடாம சொல்றோம்."

"ஆமாக்கா, லீவு"ன்னேன்.

இவங்களுக்குத் தெரியவே தெரியாது. ரேடியோல அவன் செத்த சேதிய மத்தியானம் சொன்னாங்க, அப்ப இந்த பஸ் மலை மேல. கேட்டிருந்தாலும் சேகருன்னா யாருன்னு தெரிஞ்சிருக்காது. இவங்களுக்கு அவன் பேரே இல்லாத ஒரு குரலு.

எறங்குறப்போ டிரைவர் அண்ணன கேட்டேன், "நீங்க ஏண்ணா சொல்லல?"

"எப்பிடிம்மா சொல்றது?"

உங்களுக்கே தெரியும். சாவு வூட்டுக்கு வந்தவங்க போறப்போ 'போய்ட்டு வரேன்'னு சொல்ல மாட்டாங்க. எங்க வூட்டுலயும் எல்லாரும் அப்பிடித்தான் பேசாம எழுந்து போனாங்க. சேகரப் பாத்து இன்னும் 'போய்ட்டு வரோம்'னு சொல்றது இந்த ஒரு பஸ்சு மட்டுந்தான். விசயம் தெரிஞ்சா அதுவும் நின்னுடும்.

அதுக்காக பொய் சொல்லலாமா? தெரியல. ஒரு பஸ் ஜனத்த ஏமாத்துறது பாவந்தானே? ஆனா அன்னிக்கு எங்க வூட்ட வுட்டு எல்லாரும் எழுந்து போனப்ப இருந்துச்சே ஒரு அமைதி... அத அந்த பஸ்சுல நான் கொண்டுபோய் வெக்கணுமா? அதுவும் தெரியல.

ஸ்டேஷன் பொறந்த நாளுக்கு மைக்ல முட்டை அட்டை கதையத்தான் சொல்லப் போறேன். மேடத்துக்கு ஓகே. எல்லாரும் சிரிப்பாங்க, பரவால்ல. நெசமான தகவல் உங்களுக்கு மட்டும்.

எந்த சாமிய கும்புட்டாலும் சரி, என் தம்பி சேகருக்காக எல்லாரும் ஒரு நிமிசம் வேண்டிக்கோங்க — கரியாலூர் பஸ்சுல போனீங்கன்னா மட்டும், சத்தம் போட்டு வேண்டிக்காதீங்க.