முறிந்த கையோடு வந்தவளிடம் நான் கேட்ட காகிதம்

அறுபதுகளின் கடைசி வருடங்கள். கொடைக்கானல் மலையில் ஒரு காவல் நிலையத்தில் நான் சப்-இன்ஸ்பெக்டராக இருந்தேன். பி.ஏ. தேறி நேரடியாக வேலைக்கு வந்தவன். சட்டப் பிரிவுகளை எண்ணோடு ஒப்பிப்பேன். மற்றவர்களுக்குச் சந்தேகம் வந்தால் புத்தகத்தைப் புரட்டமாட்டார்கள், என்னிடம் வருவார்கள். அதில் எனக்குக் கழுத்து கொஞ்சம் விறைத்தே இருந்தது.

சாரல் விடாத ஒரு காலை, பஜாரில் டீக்கடை வைத்திருந்த பாய் ஒரு பெண்ணை அழைத்து வந்தார். முப்பது வயதிருக்கலாம். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். புருஷன் செத்தபின் யாரோ உறவினரோடு தோணியேறி வந்து, செண்பகனூர்ப் பக்கம் ஒரு பேரிக்காய்த் தோட்டத்தில் கூலிக்குச் சேர்ந்திருந்தாள். இடது மணிக்கட்டு வீங்கிக் கறுத்திருந்தது. கிழிந்த சேலைத் துணியால் அதைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

“தோட்டத்து மேஸ்திரி பண்ணுன வேலைங்கய்யா” என்றார் பாய். “தன் ரூமுக்கு வான்னிருக்கான். மாட்டேன்னதுக்கு மம்பட்டிக் காம்பால அடிச்சிருக்கான். எலும்பு முறிஞ்சு கெடக்கு. நேத்தே கூப்பிட்டேன், பயந்துகிட்டு வரல.”

நான் பேனாவைத் திறந்தேன். பெயர், புருஷன் பெயர், வசிக்கும் இடம். தோட்டத்துக் கூலிகள் தங்கும் லயத்தைச் சொன்னாள். அத்துடன் நடந்ததைக் கேட்டு எழுதியிருக்க வேண்டும். அடிபட்டவர் எந்த நாட்டுப் பிரஜை என்று கேட்கப் புகார்ப் படிவத்தில் இடமே கிடையாது. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்து தங்குபவர்களைப் பதிந்துவைக்கும் ரிஜிஸ்டரும் என் பீரோவில்தான் இருந்தது. அதுவும் தெரியும் என்று காட்ட வேண்டாமா?

பாஸ்போர்ட் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லையென்றால் எந்தத் துறைமுகத்தில் இறங்கினாய், யார் அனுமதித்தார்கள் என்றேன். அனுமதியின்றித் தங்கினால் என்னவாகும் என்பதைப் பிரிவு எண்ணோடு, நிறுத்தி நிதானமாக, நல்ல தமிழில் விளக்கினேன். கேட்கிறவள் கை வீங்கி நிற்கிறாள் என்பது அந்த விளக்கத்துக்கு இடையூறாக இருக்கவில்லை.

நான் முடிக்கும்வரை அவள் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “மேஸ்திரியும் இதத்தானுங்க சொன்னாரு. போலீசுக்குப் போனா காயிதம் கேப்பாங்க, திருப்பிக் கப்பல்ல ஏத்திருவாங்கன்னு. நான் வழுக்கி விழுந்ததாவே இருக்கட்டுங்கய்யா.”

சொல்லிவிட்டு மழையில் இறங்கிப் போய்விட்டாள். ஒரு ரவுடியின் மிரட்டலுக்கு நான் அரசாங்க முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறேன் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பாய் போகவில்லை. “போன வாரம் அந்த வெள்ளக்காரம்மா நாயக் காணோம்னு வந்துச்சுல்ல? நாற்காலி போட்டு ஒக்காரவச்சீங்க. டீ என் கடையிலருந்துதான் வந்துச்சு. அதுகிட்ட பாஸ்போர்ட்டு கேட்டீங்களாய்யா?”

“அது வேற, இது வேற பாய். உங்க சோலியப் பாருங்க” என்றேன்.

அன்றைய டைரியில், ஆவணம் ஏதுமற்ற ஒரு பெண் வந்து, தவறி விழுந்து காயமுற்றதாகக் கூறிச் சென்றாள் என்று எழுதினேன். மேலதிகாரி எவரும் குறை காண முடியாத வாக்கியம்.

மூன்று வாரம் கழித்து ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. அதே தோட்டம், அடித்தது அதே மேஸ்திரிதான் என்று பேச்சு. இவளும் இலங்கையிலிருந்து வந்தவள், இன்னும் இளையவள். தலையில் ஆழமான காயம். என் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். காகிதம் எதுவும் வேண்டாம், அடித்தது யார் என்று மட்டும் சொல் என்றேன். அவள் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? கடைசியில் பாயை வரவழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்தேன். மதியத்துக்கு மேல்தான் வாய் திறந்தாள்.

“அந்த அக்கா டேசனுக்குப் போயிட்டுச் சும்மா திரும்புனதத் தோட்டமே பாத்துச்சுங்க. அதுலருந்து அந்தாளு எங்களப் பாத்தாச் சிரிப்பாருங்க.”

அந்த அக்கா எங்கே என்று கேட்டேன். “மறுநாளு வெள்ளனே மூட்டையக் கட்டிக்கிட்டுப் போயிருச்சுங்க. எங்கன்னு யாருக்கும் தெரியாது.”

அன்று எழுதிய வாக்குமூலத்தைப் போல் நான் அதற்கு முன் எழுதியதில்லை. கேட்க வேண்டியதை மட்டும் கேட்டேன். திரும்பப் படித்துக் காட்டிக் கைநாட்டு வாங்கினேன். வழக்கு கோர்ட்டில் நிலைத்து நின்றது, மேஸ்திரி சிறைக்குப் போனான். அந்தப் பெண்ணிடம் கடைசிவரை ஒருவரும் பாஸ்போர்ட் கேட்கவில்லை, கேட்கவிடாமல் பார்த்துக்கொண்டேன். கேட்காமல் இருக்கச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. மூன்று வாரம் முன்பும் இருந்ததில்லை. வழக்கைத் திறம்பட நடத்தியதற்காக எனக்குப் பாராட்டுக் கடிதம் வேறு வந்தது. அதை வீட்டில் யாருக்கும் காட்டவில்லை.

முதலில் வந்தவளை ஆடலூர், பாச்சலூர்த் தோட்டங்களிலெல்லாம் விசாரித்தேன். இடக்கை கோணலான கூலிப்பெண் யாராவது உண்டா என்று கேட்டால், மேஸ்திரிகள் வேகமாகத் தலையாட்டி இல்லை என்றார்கள். போலீஸ் தேடுகிறது என்றால் யார்தான் சொல்வார்கள்? சொல்லியிருந்தால் அவளும் அங்கிருந்து ஓடியிருப்பாள்.

ஓய்வு பெற்றபின் மனு எழுதித் தரச் சொல்லி யாராவது வீட்டுக்கு வருவதுண்டு. முதலில் நாற்காலியைக் காட்டி உட்காரவைக்கிறேன், பிறகு என்ன நடந்தது என்று கேட்கிறேன். எங்கிருந்து வந்தாய் என்ற கேள்வி மட்டும் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிடுகிறது, மழையில் இறங்கிப் போகும் ஒரு முதுகு தெரிவதால்.